கடிந்துகொள்ளும் ‘ச்சைட்’: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மெல்லத் திட்டுவதற்கு ஆங்கிலத்தில் ‘ச்சைட்’ என்று ஒரு வினைச்சொல் உண்டு. போட்டித் தேர்வுக்கான சொற்பட்டியலில் பார்த்திருப்பீர்கள், செய்தித் தலைப்பில் கண்ணில் பட்டிருக்கும். யாராவது வாயால் சொல்லிக் கேட்டிருந்தால் அது அபூர்வம். அகராதிகள் ஒரே வரியில் பொருள் சொல்லி முடித்துவிடும். அந்த ஒரு வரிக்குப் பின்னால் ஆயிரம் ஆண்டுச் சண்டை ஒன்று இருக்கிறது.

‘ச்சைட்’ என்றால் சரியாக என்ன?

ஒருவர் செய்த தவற்றுக்காகவோ, செய்யாமல் விட்டதற்காகவோ அவரைக் கடிந்துகொள்வது. குரல் கொஞ்சம் உயரலாம், உயராமலும் இருக்கலாம். ஆனால் தண்டனை கிடையாது, மிரட்டல் கிடையாது, உறவு முறிவதும் கிடையாது.

நண்பர் அரை மணி நேரம் தாமதமாக வந்து சேர்கிறார். “கெளம்பும்போதே ஒரு போன் போட்டிருந்தா நான் இப்படி வாசல்லயே நின்னிருப்பேனா?” என்று கேட்கிறீர்கள். கேட்ட கையோடு அவர் உட்கார நாற்காலியையும் இழுத்துப் போடுகிறீர்கள். இதுதான் ‘ச்சைட்’. அதே நண்பரிடம் “இனிமே உன்னை நம்பி எதுலயும் இறங்க மாட்டேன்” என்று சொல்லி முகத்தைத் திருப்பிக்கொண்டால் அதற்கு வேறு வினைச்சொல் தேட வேண்டும்.

பெரும்பாலும் மூத்தவர் இளையவரைச் செய்வது, அல்லது சமமானவர்கள் ஒருவரையொருவர் செய்துகொள்வது. கீழிருந்து மேலே செய்யக் கூடாது என்று இலக்கணம் எதுவும் இல்லை. மகள் அப்பாவைக் கடிந்துகொள்வதற்கும் இதே சொல் பொருந்தும், உரிமை இருந்தால் போதும்.

எப்படி எழுதுவது, எப்படி உச்சரிப்பது?

ஆங்கிலத்தில் ஐந்து எழுத்து: சி, ஹெச், ஐ, டி, இ. கடைசி ‘இ’ ஒலிக்காது. தொடக்கத்தில் வருவது ‘அச்சம்’ என்னும்போது வருகிற அழுத்தமான ‘ச்ச’. தமிழில் வெறுமனே ‘சைட்’ என்று எழுதினால், பக்கம் என்று பொருள்படும் சொல்லாகவோ, தெருமுனையில் நின்று அடிக்கிற ‘சைட்’டாகவோ படிக்கப்பட்டுவிடும். அதனால்தான் இங்கே முன்னால் ஒரு ‘ச்’ சேர்த்திருக்கிறேன். முடிவில் வருவது ‘ரைட்’ போல வல்லோசை அல்ல. ‘கைடு’ என்று சொல்லும்போது வருகிற மெல்லிய ‘ட’.

இந்தச் சொல் எங்கிருந்து வந்தது?

பழைய ஆங்கிலத்திலிருந்து. அதாவது பிரெஞ்சு மொழி வந்து கலப்பதற்கு முன்பு இங்கிலாந்தில் வழங்கிய ஆங்கிலம். அங்கே இதன் வடிவம் ‘ச்சீடன்’. பொருள் சண்டை போடுதல், வாதாடுதல், குறை கூறுதல். அதனோடு சேர்ந்த பெயர்ச்சொல்லுக்குச் சச்சரவு என்று பொருள். மென்மை என்பது அப்போது இந்தச் சொல்லின் பக்கத்தில்கூட இல்லை.

ஆங்கிலத்தில் திட்டுவதற்கு இருக்கிற சொற்களில் பாதிக்கு மேல் பிரெஞ்சிலிருந்தோ லத்தீனிலிருந்தோ வந்தவை. ‘ச்சைட்’ அப்படி வந்ததல்ல, உள்ளூர்க்காரர். வேடிக்கை என்னவென்றால் இதற்கு உறவுக்காரர்கள் யாரும் அகப்படவில்லை. பழைய ஆங்கிலச் சொற்களுக்கு ஜெர்மன், டச்சு, நார்ஸ் (பழைய ஸ்காண்டிநேவிய மொழி) ஆகியவற்றில் அண்ணன் தம்பிகள் இருப்பது வழக்கம். இதற்கு உறுதியாகக் காட்டும்படி ஒன்றும் கிடைக்காததால், அகராதிகள் ‘மூலம் தெரியவில்லை’ என்று எழுதி நிறுத்திக்கொள்கின்றன.

‘ச்சீடன்’ எப்படி ‘ச்சைட்’ ஆனது என்பதில் மர்மம் இல்லை. பழைய ஆங்கில வினைகளின் கடைசியில் இருந்த ‘அன்’ காலப்போக்கில் உதிர்ந்துவிட்டது. பிறகு, சுமாராக 15ஆம் நூற்றாண்டு முதல் 18ஆம் நூற்றாண்டு வரை, ஆங்கில நெடில் உயிர்கள் கூட்டமாக இடம் மாறின. ‘ஈ’ என்று ஒலித்ததெல்லாம் ‘ஐ’ ஆயிற்று. ‘டீமா’ ‘டைம்’ ஆனதும், ‘வீஃப்’ ‘வைஃப்’ ஆனதும், ‘ரீடன்’ ‘ரைடு’ ஆனதும் இந்த மாற்றத்தில்தான். எழுத்து மட்டும் பழைய இடத்திலேயே நின்றுவிட்டது. ஆங்கில எழுத்துக்கூட்டலைப் பார்த்து நாம் தலையில் அடித்துக்கொள்வதற்குப் பாதிக் காரணம் அதுதான்.

சண்டை எப்படி மெல்லிய திட்டு ஆயிற்று?

ஒரே நாளில் ஆகவில்லை, ஒரே சீராகவும் ஆகவில்லை. நடுவழியில் சில இடங்களில் நின்று பார்க்கலாம்.

14ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஆங்கிலக் கவிஞர் சாசர் எழுதிய கதைகளில், பாத் நகரத்து மனைவி என்ற பாத்திரம் தன் கணவன் சொன்ன வசையைத் திருப்பிச் சொல்கிறாள்: ஒழுகுகிற வீடு, புகை, ‘ச்சைட்’ செய்கிற மனைவி, இவை மூன்றும் ஆண்களை வீட்டை விட்டு ஓட வைக்குமாம். அங்கே இந்தச் சொல்லுக்கு ஓயாத வாய்ச்சண்டை என்றுதான் பொருள். கூரை ஒழுகலோடு சேர்த்துச் சொல்லுமளவு நச்சரிப்பு.

1611இல் வெளிவந்த ஜேம்ஸ் மன்னர் ஆங்கில விவிலியம் இன்னும் நல்ல சாட்சி. பாலைவனத்தில் தண்ணீர் இல்லாமல் தவித்த மக்கள் மோசேயிடம் மல்லுக்கு நிற்கும் இடத்தில் இந்தச் சொல் வருகிறது. யாக்கோபு தன் மாமன் லாபானிடம் கோபத்தோடு நியாயம் கேட்கும் இடத்திலும் வருகிறது. இரண்டிலும் அது ‘உடன்’ என்ற முன்னிடைச் சொல்லோடு வரும்: மோசே‘யோடு’, லாபா‘னோடு’. சண்டைக்கு எதிராளி வேண்டுமல்லவா? இன்றைய ‘ச்சைட்’டில் அந்த ‘ஓடு’ உதிர்ந்து ‘ஐ’ வந்துவிட்டது. மகனைக் கடிந்துகொள்ளலாம், மகனோடு கடிந்துகொள்ள முடியாது. இரண்டு பேர் போட்ட சண்டை ஒருவர் மட்டும் பேசுகிற கண்டிப்பாகச் சுருங்கிய கதை முழுவதும் இந்த ஒற்றை உருபு மாற்றத்தில் இருக்கிறது என்பது என் கருத்து.

அதே விவிலியத்தில் 103ஆம் சங்கீதமும் இந்தச் சொல்லைக் கையாள்கிறது. அங்கே கடவுள் மனிதர்களை எப்போதும் ‘ச்சைட்’ செய்துகொண்டிருக்க மாட்டார் என்கிறது. இதில் ‘ஓடு’ இல்லை. மேலிருந்து கீழே வருகிற கோபம், அதுவும் நீடிக்காத கோபம். எபிரேய மூலத்தில் இந்த இடங்கள் எல்லாவற்றிலும் இருப்பது வழக்காடுதல், சச்சரவிடுதல் என்று பொருள்தரும் ஒரே வினை. அன்றைய ஆங்கிலச் சொல்லும் இரண்டு பொருளையும் தாங்கும் அளவுக்கு அகலமாக இருந்ததால் மொழிபெயர்த்தவர்களுக்குச் சிக்கல் வரவில்லை. தமிழ் வேதாகமத்தை எடுத்துப் பார்த்தால் வழி பிரிந்திருப்பது தெரியும். மோசேயிடம் மக்கள் ‘வாதாடி’னார்கள், சங்கீதத்திலோ “அவர் எப்பொழுதும் கடிந்துகொள்ளார்” என்று வருகிறது.

ஏறக்குறைய அதே காலத்து ஷேக்ஸ்பியரில் இந்தச் சொல் எல்லாப் பக்கமும் ஓடுகிறது. குளிர்காற்று ‘ச்சைட்’ செய்கிறது, கரையில் மோதும் கடல் செய்கிறது, வேட்டை நாய்க் கூட்டம் குரைப்பதும் ‘ச்சைடிங்’தான். இரைச்சல் என்ற பொருள் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஆனால் ‘அஸ் யூ லைக் இட்’ நாடகத்தில் ஃபீபி என்ற இடைப்பெண், தன்னை விளாசித் தள்ளுகிற இளைஞனைப் பார்த்து, தன்னைக் காதலித்துச் சுற்றிவரும் இன்னொருவனைக் காட்டி, இவன் காதல் பேசுவதைக் கேட்பதைவிட நீ ஒரு வருஷம் முழுக்க என்னைக் கடிந்துகொண்டிரு, கேட்டுக்கொண்டிருக்கிறேன் என்கிறாள். திட்டு இனிக்கத் தொடங்கிவிட்டது. (அந்த ‘இளைஞன்’ ஆண் வேடத்தில் இருக்கும் பெண் என்பது அவளுக்குத் தெரியாது. அது வேறு கதை.)

அதன் பிறகு உரத்த சண்டைக்கு ஆங்கிலத்தில் வேறு சொற்கள் வலுத்தன. ‘ச்சைட்’ மெல்ல மெல்லப் படிப்பாளிகளின் எழுத்துக்குள் ஒதுங்கியது. வாயிலிருந்து ஏட்டுக்குப் போகிற சொல்லுக்குச் சூடு குறைவது இயல்புதானே.

‘கடி’ என்ற தமிழ்ச் சொல்லிலிருந்துதான் இது வந்ததா?

இல்லை. இந்தக் கேள்வி அடிக்கடி வருகிறது, காரணமும் புரிகிறது. ஆங்கிலச் சொல்லின் முதல் எழுத்தை ‘க’ என்றும் படிக்கலாம், பொருளும் ஒத்துப்போகிறது, போதாக்குறைக்கு அகராதியே மூலம் தெரியவில்லை என்கிறது. ஆனால் மூலம் தெரியாத சொல் என்பது யார் வேண்டுமானாலும் துண்டு போட்டு இடம் பிடிக்கிற காலி இருக்கை அல்ல.

இரண்டு சொற்களும் புறப்பட்ட இடத்தைப் பாருங்கள். தமிழில் ‘கடிதல்’ என்பதன் பழைய பொருள் விலக்குதல், நீக்குதல். திருக்குறளின் 44ஆம் அதிகாரத்துக்குப் பெயர் ‘குற்றங்கடிதல்’. குற்றத்தைத் திட்டுவது அல்ல, குற்றத்தைத் தன்னிடமிருந்து களைவது. விலக்குவதிலிருந்து ‘அப்படிச் செய்யாதே’ என்று தடுப்பதும், அதிலிருந்து கடிந்துகொள்வதும் வந்தன. ஆங்கிலச் சொல் புறப்பட்டதோ சண்டையிலிருந்து. இன்று இரண்டும் ஒரே இடத்துக்கு வந்து சேர்ந்திருக்கின்றன, அவ்வளவுதான்.

பழைய வடிவமான ‘ச்சீடன்’ நம் ‘சீடன்’ போல ஒலிப்பதும் தற்செயல்தான். குருவிடம் திட்டு வாங்குகிறவன் சீடன் என்று யாராவது கிளம்புவதற்குள் சொல்லிவைக்கிறேன்.

குழந்தை என்று பொருள்படும் ‘ச்சைல்ட்’டோடு உறவு உண்டா?

இல்லை, அதன் பழைய வேர் வேறு. ஆனால் ஒலி ஒற்றுமையை ஷேக்ஸ்பியர் விட்டுவைக்கவில்லை. ‘ஒதெல்லோ’வில் கணவனின் கொடுஞ்சொல்லைத் தாங்க முடியாத டெஸ்டிமோனா, குழந்தைகளுக்குச் சொல்லிக்கொடுப்பவர்கள் மென்மையாகத்தான் சொல்லிக்கொடுப்பார்கள், அவரும் என்னை அப்படிக் கடிந்திருக்கலாமே, திட்டு வாங்குவதில் நான் குழந்தைதான் என்கிறாள். மெல்லவும் ‘ச்சைட்’ செய்யலாம் என்பது 1604 வாக்கிலேயே பார்வையாளர்களுக்குப் புரிந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் அந்த ஏக்கம் எடுபட்டிருக்காது.

இறந்தகாலம் என்ன? ஒவ்வொரு இடத்திலும் ஒவ்வொன்று இருக்கிறதே?

இன்று எழுதுகிறவர்களுக்கு ஒரே பதில்: ‘ச்சைடட்’. தேர்விலும் அதையே எழுதுங்கள்.

மற்றவை பழைய புத்தகங்களைப் படிப்பவர்களுக்கு. ‘ஹைட்’ ‘ஹிட்’ ஆவதைப் போல இதற்கு ‘ச்சிட்’ என்று ஒரு வடிவம் உண்டு. முற்றுப்பெற்ற வடிவம் ‘ச்சிடன்’. ‘ஜூலியஸ் சீசர்’ நாடகத்தில் சீசர் கோபமாக வர, பின்னால் வரும் கூட்டம் முழுவதும் திட்டு வாங்கிய பரிவாரம் போல முகம் தொங்கி வருகிறது என்று ஒரு வரி உண்டு. அந்தத் ‘திட்டு வாங்கிய’ என்பதற்கு அங்கே இருப்பது ‘ச்சிடன்’தான். இன்னொன்று ‘ச்சோட்’. ‘ரைடு’ ‘ரோடு’ ஆவதைப் பார்த்துச் செய்துகொண்ட வடிவம். மேலே சொன்ன 1611 விவிலியத்தில் இரண்டே இரண்டு இடங்களில் வருகிறது: யாக்கோபு லாபானோடு மல்லுக்கு நின்றபோது ஒன்று, எண்ணாகமத்தில் மக்கள் மோசேயோடு மல்லுக்கு நின்றபோது இன்னொன்று. இன்றைக்கு யாராவது ‘ச்சோட்’ என்று எழுதினால் விளையாட்டுக்கு எழுதுகிறார் என்று அர்த்தம்.

‘ஸ்கோல்ட்’, ‘ரிப்யூக்’, ‘ரிப்ரிமாண்ட்’, ‘அட்மானிஷ்’... எல்லாம் ஒன்றுதானே?

அகராதி அப்படித்தான் காட்டும். ஆனால் ஒன்றின் இடத்தில் இன்னொன்றைப் போட்டால் இடறும்.

‘ஸ்கோல்ட்’ வீட்டுச் சொல். பெற்றோர் பிள்ளையைத் திட்டுவது. சத்தம் இருக்கும், நீளமும் இருக்கும். இதன் பின்கதை சுவையானது. நார்ஸ் மொழியில் ‘ஸ்கால்ட்’ என்றால் கவிஞர். வசைபாடுவதிலும் அந்தக் கவிஞர்கள் வல்லவர்கள் என்பதால், அங்கிருந்துதான் சொல் வந்திருக்க வேண்டும் என்பது பரவலான கருத்து. ஆங்கிலத்தில் அது முதலில் ஆளைக் குறித்தது. வாயாடி, சண்டைக்காரி. கவிஞரில் தொடங்கி வாயாடியில் வந்து நின்ற இறக்கத்தைக் கவனியுங்கள். அதோடும் போகவில்லை. அக்கம்பக்கத்தாரோடு ஓயாமல் சண்டை போடும் பெண்மீது வழக்குப் போடவே இங்கிலாந்துச் சட்டத்தில் இந்தப் பெயரில் ஒரு குற்றம் இருந்தது. நாற்காலியில் கட்டித் தண்ணீரில் முக்கி எடுப்பது அதற்கான தண்டனைகளில் ஒன்று. அந்தக் குற்றம் சட்டப் புத்தகத்திலிருந்து நீங்கியது 1967இல்தான். திட்டுகிற சொற்களிலேயே பெண்கள்மீது இவ்வளவு சுமையை ஏற்றிய சொல் வேறு இல்லை.

‘ரிப்யூக்’ வெட்டு ஒன்று துண்டு இரண்டு. பழைய பிரெஞ்சில் அடித்துத் தள்ளுவது, மரம் வெட்டுவது என்ற பொருளிலிருந்து வந்தது. அந்தக் கோடரி இன்னும் உள்ளேயே இருக்கிறது. ‘ரிப்ரிமாண்ட்’ அலுவலகச் சொல். எழுத்தில் வரும், கோப்பில் ஏறும், பதவி உயர்வைத் தடுக்கும். ‘அட்மானிஷ்’ எச்சரிப்பது. எச்சரித்தல் என்ற லத்தீன் வினையிலிருந்து வந்தது, ‘மானிட்டர்’ அதே குடும்பம். திட்டை விட ‘இனி கவனம்’ என்ற தொனி அதிகம். ‘அப்பிரெய்டு’ கொஞ்சம் நீளமான, மனக்குறையோடு கூடிய திட்டு. சடை பின்னும் ‘பிரெய்டு’ம் இதுவும் ஒரே பழைய வேர்.

பேச்சில் ஆங்கிலேயர்கள் உண்மையில் சொல்வது ‘டெல் ஆஃப்’. ‘டிக் ஆஃப்’ என்பதில் மட்டும் ஜாக்கிரதை. பிரிட்டனில் அதற்குத் திட்டுவது என்று பொருள், அமெரிக்காவில் எரிச்சலூட்டுவது.

அப்படியானால் ‘ச்சைட்’ எப்போதும் மென்மையானதா?

இல்லை, இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். ஆங்கில எழுத்தில் ‘மென்மையாக’ என்ற அடை இந்தச் சொல்லுக்கு முன்னால் அடிக்கடி வந்து உட்கார்ந்துகொள்ளும். மென்மை சொல்லுக்குள்ளேயே இருந்தால் அடை எதற்கு? ‘கடுமையாக’ என்ற அடையையும் அது மறுப்பதில்லை. அளவான சொல் என்பதே சரி. பக்கத்தில் நிற்கும் சொல்லும், யார் யாரிடம் பேசுகிறார் என்பதும் சேர்ந்துதான் சூட்டை முடிவு செய்யும்.

செய்தித் தலைப்பில் வந்தால் இன்னும் எச்சரிக்கை தேவை. நீதிமன்றம் அரசை ‘ச்சைட்’ செய்தது என்று வந்தால், நீதிபதி செல்லமாகக் கோபித்தார் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். தலைப்பில் இடம் குறைவு, ஐந்தே எழுத்துச் சொல் கிடைத்தால் ஆசிரியர்கள் விடமாட்டார்கள்.

தமிழில் எப்படி மொழிபெயர்ப்பது?

‘கடிந்துகொண்டார்’ என்பது பத்துக்கு ஏழு இடத்தில் சரியாக விழும். சமமானவர்களுக்கிடையில், குறிப்பாகக் கணவன் மனைவி பேச்சில், ‘குறைபட்டுக்கொண்டாள்’ அல்லது ‘உரிமையோடு கோபித்துக்கொண்டான்’ இன்னும் இயல்பு. குரல் உயர்ந்து ஒரே வார்த்தையில் முடிந்தால் ‘அதட்டினார்’. தன்னைத் தானே ‘ச்சைட்’ செய்துகொள்வது ஆங்கிலக் கதைகளில் நிறைய வரும், அதற்குத் ‘தன்னையே நொந்துகொண்டான்’ என்பதைவிடப் பொருத்தமானது இல்லை.

‘திட்டினார்’ கொஞ்சம் அதிகம். ‘ஏசினார்’, ‘வைதார்’ மிக அதிகம், அவற்றில் கெட்ட வார்த்தை வாடை வரும். ‘கண்டித்தார்’ அறிக்கை விடுகிறவர்களுக்கு உரியது. ‘இடித்துரைத்தார்’ நல்ல சொல்தான். நட்பு என்பது சிரித்துப் பேச மட்டுமல்ல, நண்பன் எல்லை மீறும்போது முந்திப்போய் இடிக்கவும்தான் என்று வள்ளுவர் சொல்லும் அந்த இடித்தல். ஆனால் அதன் எடை ‘ரிப்யூக்’குக்குப் பக்கத்தில். தாமதமாக வந்த நண்பரை யாரும் இடித்துரைப்பதில்லை. மேலே சொன்ன நீதிமன்றத் தலைப்புக்கு ‘அதிருப்தி தெரிவித்தது’ போதும்.

வாக்கியத்தில் எப்படி அமைப்பது?

யாரை என்பது நேராகப் பின்னால் வரும், எதற்காக என்பதற்கு ‘ஃபார்’ சேர்க்க வேண்டும். ‘ஃபார்’ருக்குப் பிறகு வினை வந்தால் ‘இங்’ வடிவம். ‘வித்’ போடாதீர்கள், அது மோசே காலத்துச் சண்டைக்கு.

பேச்சு ஆங்கிலத்தில் பயன்படுத்தலாமா?

புரியாமல் போகாது, ஆனால் புத்தகம் பேசுவது போல இருக்கும். ‘அம்மா என்னை ச்சைட் செய்தார்’ என்று ஒரு சிறுவன் சொன்னால் கேட்பவர் சிரித்துவிடுவார். கதையிலும் கட்டுரையிலும் தாராளமாக எழுதுங்கள். உரையாடலில் ஒருவர் சொன்னதற்குப் பிறகு, ‘என்று கடிந்துகொண்டாள்’ என்பதைப் போலப் போடுவதற்கு இது வசதியான சொல்.

எதிர்ச்சொல் என்ன?

‘பிரெய்ஸ்’, ‘கமெண்ட்’. பின்னது பாராட்டும் ‘கமெண்ட்’, கருத்துச் சொல்லும் ‘கமெண்ட்’ அல்ல. தமிழில் எழுதினால் இரண்டும் ஒன்றாகத் தெரிகிறது, என்ன செய்ய.

இதற்குப் பெயர்ச்சொல் உண்டா?

‘ச்சைடிங்’. ‘ச்சைட்’ என்பதே பெயர்ச்சொல்லாகவும் ஒரு காலத்தில் இருந்தது, இப்போது வழக்கில் இல்லை. ‘கடிந்துகொள்ளும் தொனியில்’ என்று சொல்ல ‘ச்சைடிங்லி’ என்ற வினையடை உண்டு.